குதிரை விற்றவரும் கார் விற்றவரும்

பழைய கார் வாங்கி ஏமாந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு குதிரையின் கதை. 1872ல் இயற்றப்பட்டு இன்றும் அமலில் இருக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17வது பிரிவில் அது வருகிறது. மோசடி என்றால் என்ன என்று விளக்க வந்த சட்டம் சின்னச் சின்ன உதாரணங்களைத் தருகிறது. ஒருவர் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குதிரைக்குக் கோளாறு இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது. அடுத்த உதாரணத்தில், வாங்குபவர் அப்போதுதான் மேஜரான அவருடைய மகள். உறவு அப்படி இருப்பதால் உண்மையைச் சொல்வது தகப்பனின் கடமை. மூன்றாவதில், நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்கிறார் வாங்குபவர். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரை இருந்த இடத்தில் கார் வந்து நிற்கிறது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. முதல் உதாரணத்தில் வாங்கியவருக்கு வழியில்லை. மூன்றாவதில் வாங்கியவருக்கு வழக்கு இருக்கிறது. இருவருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு கேள்வி. பழைய வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டாலும் எழுத்தில் கேட்பதில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். புனேயில் வேலை பார்க்கும் ஒருவர் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் ரூ. 4 லட்சத்துக்கு ஒரு கார் வாங்குகிறார். பிராவிடன்ட் ஃபண்டில் எடுத்தது பாதி, வங்கிக் கடன் பாதி. மும்பைப் பதிவு, ஆறு வயது, மீட்டரில் 38,000 கிலோமீட்டர். பளபளவென்று பாலிஷ் போட்ட வண்டி. இரண்டு மாதத்தில் பவர் ஜன்னல் வேலை செய்யவில்லை. பிறகு நடுரோட்டில் என்ஜின் நின்றது. மெக்கானிக் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் காய்ந்த சேறு. சீட் தண்டவாளங்களில் துரு. வண்டி ஏதோ ஒரு வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது.

இப்படிப்பட்ட வண்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பது ரகசியமில்லை. 2005 ஜூலை 26ல் மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியது. 2018 ஆகஸ்டில் கேரளம். ஒவ்வொரு வெள்ளத்திலும் கார்கள் கூட்டம் கூட்டமாக நீரில் நின்றன. பழுது பார்க்கும் செலவு கட்டுப்படியாகாது என்றால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பு என்று பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிடைத்த விலைக்கு விற்க வழி செய்கிறது. அதை வாங்கிப் பழுது பார்த்து விற்பது குற்றமல்ல. அது மூழ்கிய வண்டி என்பதை மறைத்து, நல்ல வண்டி விலைக்கு, வெள்ளம் வராத ஊரில் இருப்பவர் தலையில் கட்டுவதுதான் பிரச்சினை.

"பழைய வண்டிதானே, வாங்கும்போது பார்த்திருக்க வேண்டாமா?" என்பது வியாபாரி சொல்லும் முதல் பதில். ஏமாந்தவரின் உறவினர்களும் அதையேதான் சொல்வார்கள். வாங்குபவர் தான் உஷாராக இருக்க வேண்டும் என்ற இந்தப் பழைய கொள்கையை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் ஏற்கிறது. ஆனால் விதிவிலக்குகளோடு. அதன் 16வது பிரிவின்படி, ஒரு வகைச் சரக்கை வியாபாரமாகவே விற்பவரிடம் அந்த வகைச் சரக்கென்று சொல்லி வாங்கினால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லப்படாத நிபந்தனை. வாங்குபவர் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் அவர் பிறகு உரிமை கோர முடியாது. வழுக்கை டயரையும் கீறல் விழுந்த கதவையும் பற்றி இரண்டு மாதம் கழித்துப் புகார் சொல்ல முடியாது. தரை விரிப்புக்கு அடியில் ஒளிந்திருந்த சேற்றைப் பற்றிச் சொல்லலாம்.

ஆகவே பழைய வண்டிக்குச் சட்டமே கிடையாது என்பது தவறு. எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம் என்பதுதான் கேள்வி. அது நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதைவிட யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

வியாபாரியிடம் வாங்கியிருந்தால் வழி சுலபம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (இது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது) பழைய சரக்கு, புதிய சரக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கொடுத்த விலை ரூ. 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். பழைய கார்களில் அநேகமாக எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். விலை ரூ. 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, ரூ. 10 லட்சம் வரை ரூ. 200. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு செய்யலாம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வசதி இந்தப் புதிய சட்டத்தில் இருக்கிறது. முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும். இப்போது மனுதாரர் வசிக்கும் ஊரில், அல்லது வேலை பார்க்கும் ஊரில் போடலாம். கோவையில் வாங்கிய காருக்காகப் புனேயிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயிலேற வேண்டியதில்லை.

காலக்கெடு இரண்டு ஆண்டு. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று தோன்றினால் ஆணையமே தகுந்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை மனுதாரர் கட்ட வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீள்வதுதான் வழக்கம். ஆனால் உத்தரவு வந்த பிறகும் வியாபாரி அசையவில்லை என்றால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ரூ. 25,000க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழி இருக்கிறது. இது சிவில் கோர்ட் தீர்ப்புக்கு இல்லாத பல்.

வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்ற விதியைக் கண்டு டாக்ஸி, ஆட்டோ ஓட்டுபவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. லட்சுமி என்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில் 1995லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர்தான். தானே ஓட்டத் தொழிலுக்கு லாரி வாங்கியவரும் அப்படியே. வாங்கி முழுக்க முழுக்க இன்னொருவரிடம் ஓட்டக் கொடுப்பவர் அல்ல.

இனி இரண்டாவது வகை: பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் சகா, விளம்பரம் பார்த்துப் போன் செய்து பிடித்த தனி நபர். சொந்தக் காரை விற்கும் தனி நபர் வியாபாரி அல்ல. ஆகவே அவர்மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் பொதுவாக நிற்காது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16வது பிரிவு தரும் தர நிபந்தனையும் இங்கே கை கொடுக்காது, ஏனென்றால் அது அந்தச் சரக்கில் வியாபாரம் செய்பவருக்கானது. மிஞ்சுவது சிவில் நீதிமன்றமும் குதிரைக் கதை வரும் அந்த ஒப்பந்தச் சட்டமும்தான்.

இங்கே மௌனத்துக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாடு உயிரானது. விற்றவர் எதுவும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை என்றால் முதல் உதாரணத்துக் குதிரையை வாங்கியவர் நீங்கள். விபத்தே ஆனதில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அது மோசடி. மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியிருந்தாலும், துருவின்மேல் பெயின்ட் அடித்து மூடியிருந்தாலும் அது மௌனமல்ல, செயல். தெரிந்தே ஒரு உண்மையை மறைக்கும் செயலையும் 17வது பிரிவு மோசடி என்றே சொல்கிறது. அப்படியானால் 19வது பிரிவின்படி ஒப்பந்தத்தையே நீங்கள் ரத்து செய்து வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில், விற்றவரின் தவறு வெறும் மௌனமாகவோ, தெரியாமல் சொன்ன தவறான தகவலாகவோ இருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நேரடிப் பொய் சொன்னவருக்கும், மூடி மறைத்தவருக்கும் இந்தச் சலுகை இல்லை. சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம். மோசடி என்றால் அது உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கு. கோர்ட் கட்டணமும் காலமும் மலைப்பாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகி லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கே கட்டணம் இல்லை. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உதவி உண்டு.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. சிக்கல் அதிகம் அதில்தான். நீங்கள் பார்த்தது வியாபாரியின் கடையில். பேரம் பேசியது அவரிடம். பணம் கொடுத்ததும் அவரிடம். ஆனால் காகிதத்தில் விற்றவர் யாரோ ஒரு பழைய சொந்தக்காரர். உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் அவரிடம் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியைத் தன் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலின் நெடுநாள் பழக்கம். குறை தெரிந்து போய் நின்றால், "நான் வெறும் புரோக்கர் சார், விற்றது அவர்" என்பார். பழைய சொந்தக்காரரோ வண்டியைக் கொடுத்து ஒரு வருஷமாகிவிட்டது என்பார்.

இதற்கு முடிவு கட்டத்தான் 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். சொந்தக்காரர் அவரிடம் வண்டியை ஒப்படைத்ததை 29-சி படிவத்தில் தெரிவித்ததும் வியாபாரியே அதன் சொந்தக்காரராகக் கருதப்படுவார். ஆகவே கடைக்குள் நுழைந்ததும் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் ஒரு பாதுகாப்பு உங்கள் கையில் இருக்கிறது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வியாபாரியின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அவருடைய கடை பெயரில் ரசீது வாங்குங்கள். பிறகு அவர் புரோக்கர் என்று சொன்னால் ரசீது பேசும். உண்மையிலேயே கமிஷன் வாங்கிய புரோக்கர் என்றாலும், கட்டணம் பெற்றுச் சேவை தந்தவர் என்ற முறையில் அவர்மேல் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டைச் சொல்ல இடமுண்டு.

போலீசுக்குப் போகலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பழைய 420, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவாகிவிட்டது. ஏமாற்றிப் பணம் பறித்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் வாக்குத் தவறிய வியாபாரம் எல்லாம் குற்றமாகிவிடாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. திருத்திய மீட்டர், போலி சர்வீஸ் புத்தகம் போன்ற ஆதாரம் இருந்தால் புகார் கொடுக்கலாம். கியர் பெட்டி ஒழுகுகிறது என்பதற்காகக் கொடுத்தால் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் போலீசுக்கு முதலில் போக வேண்டும்: சேஸிஸ் எண் அல்லது என்ஜின் எண் சுரண்டப்பட்டிருந்தால், ஆர்.சி. போலியாக இருந்தால். திருட்டு வண்டியை முழு விலை கொடுத்து வாங்கினாலும் அது உங்களுடையதாகாது. விற்கும் உரிமை இல்லாதவரிடமிருந்து உரிமை கை மாறாது. அவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டுமே உங்களுக்கு. தெரிந்த பிறகும் வண்டியை வைத்திருந்தால் நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.

குறை தெரிந்த அன்றே செய்ய வேண்டியவை சில. முதலில் வண்டியை நிறுத்துங்கள். எரிச்சலில் உடனே பழுது பார்த்துவிட்டால் சாட்சியம் கழன்று குப்பைக்குப் போய்விடும். அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையத்தில் காட்டி, என்ன குறை, எவ்வளவு நாள் பழசு, செலவு எவ்வளவு என்று எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். புகைப்படம் எடுங்கள். கழற்றிய பாகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்தின் கணினியில் பழைய சர்வீஸ் விவரங்கள் இருந்தால் மீட்டர் சொன்ன பொய்யும் அங்கேயே வெளிப்படும்.

அடுத்தது அவசரம். வண்டியை ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம் கருதுகிறது. அதன் பிறகு அந்தச் சட்டத்தின்கீழ் வண்டியைத் திருப்பித் தரும் உரிமை போய், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். ஆகவே தெரிந்த வாரத்திலேயே விற்றவருக்குக் கடிதம் போக வேண்டும்: என்ன சொல்லி விற்றீர்கள், என்ன கண்டுபிடிக்கப்பட்டது, பணத்தைத் திருப்புங்கள் அல்லது இத்தனை ரூபாய் கொடுங்கள், 15 நாள் அவகாசம். ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ் என்றால் கூடுதல் மரியாதை கிடைக்கும். இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் புகார் செய்யலாம். கோர்ட்டுக்கு முன்பே சில வியாபாரிகள் இறங்கி வருவதுண்டு.

"உள்ளது உள்ளபடி" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறதே என்று தளர்ந்துவிட வேண்டாம். சட்டம் தானாகத் தரும் நிபந்தனைகளை ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ள 62வது பிரிவு அனுமதிக்கிறது, உண்மைதான். ஏலத்தில் வாங்கும் வண்டிகளில் இது பெரும் தடையாக நிற்கும். ஆனால் அந்த வாசகம் பொய்க்கும் மோசடிக்கும் குடை பிடிக்காது.

வழக்கோடு சேராத ஒரு அபாயமும் உண்டு. கோபத்தில் உரிமை மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாக மாறிவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி மாறாது என்பது முன்பே உச்ச நீதிமன்றம் சொன்ன விஷயம்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்குப் பல்லும் பார்ப்பார்கள், சுழியும் பார்ப்பார்கள். காருக்கு அது பரிவாகன் இணையதளம்: சொந்தக்காரர் பெயர், வங்கிக் கடன் பாக்கி, ஃபிட்னஸ், கட்டாத அபராதம் எல்லாம் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பிறகு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக், வியாபாரிக்குத் தெரிந்தவர் அல்ல. தரை விரிப்பைத் தூக்குங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரின் போனுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அந்தச் செய்தி மின்னணுச் சாட்சியம். உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் நீதிமன்றம் ஏற்கும். அதில் பெரிய சட்ட பாஷை எதுவும் தேவையில்லை. இந்த அளவு போதும்: "இந்த வண்டி வெள்ளத்திலோ பெரிய விபத்திலோ சிக்கியதில்லை, மீட்டர் காட்டும் தூரம் உண்மையானது, கடன் பாக்கி இல்லை என்று நம்பித்தான் வாங்குகிறேன். இதில் எதுவும் தவறு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்." பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நீங்கள் மூன்றாவது உதாரணத்துக்கு வந்துவிட்டீர்கள். இந்தச் செய்தியைப் பார்த்ததும் வண்டி வேறு ஆளுக்கு முடிந்துவிட்டது என்று சொல்கிறாரா? அந்த ரூ. 4 லட்சம் பத்திரமாக உங்கள் பாங்க்கிலேயே இருக்கட்டும்.